டாம் பிரேடியா, ஜிம் பிரவுனா, ஜெர்ரி ரைஸா? அமெரிக்க ஃபுட்பாலின் 'கோட்' யார் என்ற சண்டை ஏன் முடியவே மாட்டேங்குது?

ஒரே ஒரு வீரர், 7 சூப்பர் பவுல் கோப்பைகள். அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்-லில் 32 அணிகள் இருக்கின்றன. அதில் எந்த அணியும் தன் மொத்த வரலாற்றையும் சேர்த்தால்கூட 6 சூப்பர் பவுலைத் தாண்டியதில்லை. டாம் பிரேடி என்ற தனி மனிதரிடம் இருக்கும் அளவுக்கு எந்த அணியின் அலமாரியிலும் கோப்பை கிடையாது.

அப்புறம் என்ன விவாதம் என்று தோன்றுகிறதா? ஆனால் விவாதம் ஓய்ந்தபாடில்லை. 2010-ல் என்எஃப்எல்-லின் சொந்த தொலைக்காட்சி, வரலாற்றின் 100 சிறந்த வீரர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. அதில் முதலிடம் ஜெர்ரி ரைஸுக்கு. இரண்டாவது ஜிம் பிரவுன், மூன்றாவது லாரன்ஸ் டெய்லர். ஏற்கெனவே 3 கோப்பை வென்றிருந்த பிரேடிக்குக் கிடைத்தது 21-வது இடம். அதற்குப் பிறகு அவர் இன்னும் 4 கோப்பை வென்றார். இன்றைக்கு அதே பட்டியலைப் போட்டால் அவர் மேலே வருவார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதலிடத்துக்கா? இங்கதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். இரண்டு என்ன, நாலாக, ஐந்தாகவே பிரிகிறார்கள்.

'கோட்' என்ற சொல் விஜய் படத்தால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லாக் காலத்துக்கும் மிகச் சிறந்தவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அமெரிக்க ஃபுட்பாலைப் பொறுத்தவரை இதில் 'எல்லாக் காலத்துக்கும்' என்ற பகுதிதான் பெரிய தலைவலி. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், இது எப்படிப்பட்ட ஆட்டம்?

நாம் கால்பந்து என்று சொல்வது வேறு, இது வேறு. நீள்வட்டப் பந்து, ஒரு நேரத்தில் களத்தில் அணிக்கு 11 பேர், 100 யார்டு மைதானம். ஒரு யார்டு என்பது 3 அடி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் 'டச் டவுன்', 6 புள்ளி.

பந்தை யாருக்குக் கொடுப்பது, எங்கே எறிவது என்று முடிவு செய்பவர் குவாட்டர்பேக். கையில் பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து ஓடுபவர் ரன்னிங் பேக். தூரத்தில் ஓடிப்போய் எறிந்த பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். இவர்களைத் தடுக்க எதிரணியில் தனியாக 11 பேர். தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு வேறொரு கூட்டம். பிரேடியும் லாரன்ஸ் டெய்லரும் ஒரே விளையாட்டை ஆடியவர்கள்தான், ஆனால் ஒருவர் செய்த வேலையை மற்றவர் ஒருநாளும் செய்ததில்லை.

பிராட்மேனா, சச்சினா என்று கிரிக்கெட்டில் கேட்டால் குறைந்தபட்சம் இருவரும் பேட்டர்கள், இருவருக்கும் ரன் என்ற ஒரே கணக்கு இருக்கிறது. இங்கே ரிசீவரின் யார்டையும், தடுப்பு வீரரின் அடியையும், குவாட்டர்பேக்கின் கோப்பையையும் ஒரே தராசில் போட வேண்டும்.

பிரேடி கட்சியின் வாதம் என்ன?

2000-ம் ஆண்டு கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் பிரேடி 199-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அங்கிருந்து 23 சீசன். 89,214 யார்டுக்கு பாஸ், 649 டச் டவுன் பாஸ். 45 வயதில் 2023-ல் ஓய்வு. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருது மட்டுமே 5 முறை.

இதில் ரசிகர்கள் மறக்காத ஆட்டம் 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல். மூன்றாவது கால் பகுதியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 3. டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் ஏராளம். கடைசியில் பேட்ரியாட்ஸ் கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்தது. அப்போது பிரேடிக்கு வயது 39.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? கோப்பை அணியுடையது, தனி ஆளுடையது இல்லை என்பது அவர்களுடைய முதல் கேள்வி. இதற்கு பிரேடியின் சொந்தக் கணக்கிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் அவர் 505 யார்டு பாஸ் எறிந்தார். சூப்பர் பவுல் வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு எறிந்ததில்லை. ஆனால் பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 41-33 என்று தோற்றார். அடுத்த ஆண்டு அதே மேடையில் ஒரு டச் டவுன் பாஸ்கூட எறியவில்லை, அணி 13-3 என்று ஜெயித்தது. எதில் நன்றாக ஆடினார் என்று கேட்டால் தோற்ற ஆட்டத்தைத்தான் காட்ட வேண்டும். கோப்பை எண்ணிக்கையில் ஏறியதோ இன்னொன்று.

அவருடைய முதல் கோப்பையை உறுதி செய்த கடைசி உதை ஆடம் வினடியேரியுடையது. 2015-ல் கடைசி நொடிகளில் எல்லைக்கோட்டருகே எதிரணியின் பாஸைப் பறித்து அணியைக் காப்பாற்றியவர் மால்கம் பட்லர். அந்த நேரத்தில் பிரேடி களத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் பிரேடி தரப்புக்கு வலுவான பதில் ஒன்று உண்டு. 2020-ல் அவர் பேட்ரியாட்ஸை விட்டு டாம்பா பே பக்கனீர்ஸுக்குப் போனார். போன முதல் ஆண்டே அங்கே கோப்பை. அதே ஆண்டு பேட்ரியாட்ஸ் 7 வெற்றி, 9 தோல்வி. பயிற்சியாளர் பில் பெலிசிக்கால்தான் எல்லாம் என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

கோப்பைதான் அளவுகோல் என்றால் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். ஓட்டோ கிரகாம். 1946 முதல் 1955 வரை கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் குவாட்டர்பேக். ஆடியது 10 சீசன், 10 சீசனிலும் அணி இறுதிப் போட்டிக்குப் போனது, 7 முறை பட்டம். முதல் 4 பட்டம் வேறொரு லீக்கில், பிறகு 3 என்எஃப்எல்-லில். சூப்பர் பவுல் என்ற போட்டியே 1967 ஜனவரியில்தான் தொடங்கியது. அதனால் 'சூப்பர் பவுல்' என்று தேடினால் கிரகாமின் கணக்கில் பூஜ்யம்தான் வரும்.

விதி மாறினால் ஆளும் மாறுவாரா?

1978-ல் என்எஃப்எல் இரண்டு முக்கிய மாற்றங்களைச் செய்தது. ரிசீவரை முதல் 5 யார்டுக்கு அப்பால் தடுப்பு வீரர் இடித்து நிறுத்தக் கூடாது என்பது ஒன்று. குவாட்டர்பேக்கைக் காக்கும் வீரர்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்பது இன்னொன்று. கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டத்தை நம்பியிருந்த ஆட்டம் அதற்குப் பிறகு பாஸ் பக்கம் சாய்ந்துவிட்டது.

1967-ல் ஜோ நேமத் ஒரே சீசனில் 4,000 யார்டைத் தாண்டியபோது அது அதிசயம். 1984-ல் டான் மரினோ 5,084 யார்டு எறிந்தார். 5,000-ஐத் தொட்ட முதல் ஆள் அவர்தான். பின்னர் 2013-ல் பெய்டன் மேனிங் 5,477. பிரேடியே 44 வயதில் 5,000-ஐத் தாண்டினார். 44 வயதில் அது முடிந்ததற்கு அவருடைய கட்டுப்பாடான வாழ்க்கை ஒரு காரணம். குவாட்டர்பேக்கை அடிப்பதற்கு எதிராக ஆண்டுக்கு ஆண்டு கூடிய விதிகள் இன்னொரு காரணம். 2008-ல் பிரேடியின் முழங்காலே உடைந்து அந்த சீசன் முழுவதும் போனது. கீழே விழுந்து கிடக்கும் தடுப்பு வீரர் குவாட்டர்பேக்கின் காலைப் பார்த்துப் பாயக் கூடாது என்று அடுத்த ஆண்டு விதியைத் தெளிவுபடுத்தினார்கள். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயரே 'பிரேடி விதி'.

இப்போது ஜானி யூனிடாஸைப் பாருங்கள். 1955-ல் பிட்ஸ்பர்க் அணி அவரை எடுத்து, ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பிவிட்டது. கட்டுமான வேலை பார்த்துக்கொண்டு, ஒரு ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர் அணியில் ஆடினார். பிறகு பால்டிமோர் கோல்ட்ஸுக்கு வந்து 47 ஆட்டங்களில் தொடர்ந்து டச் டவுன் பாஸ் எறிந்தார். ரிசீவரை எங்கே வேண்டுமானாலும் இடிக்கலாம் என்றிருந்த காலத்தில் செய்த சாதனை அது. 2012-ல் ட்ரூ பிரீஸ் முறியடிக்கும்வரை அரை நூற்றாண்டு நின்றது. யூனிடாஸ் கொடுத்த விலை பெரிது. முழங்கைக் காயத்துக்குப் பிறகு, பிற்காலத்தில் அவருடைய வலது கையே சரியாக வேலை செய்யவில்லை. பந்து எறிந்த அதே கை.

9 ஆண்டு ஆடியவர் ஏன் இன்னும் பட்டியலில் முன்னால் நிற்கிறார்?

ஜிம் பிரவுன். 1957 முதல் 1965 வரை கிளீவ்லேண்ட் பிரவுன்ஸுக்கு ஆடிய ரன்னிங் பேக். 9 சீசனில் 8 முறை லீக்கிலேயே அதிக தூரம் ஓடியவர். உடல் எடை சுமார் 105 கிலோ, ஆனால் வேகத்தில் பிடிக்க முடியாது. 118 ஆட்டம், காயத்துக்காக ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

மொத்தம் 12,312 யார்டு. இன்றைய சாதனை எம்மிட் ஸ்மித்தின் 18,355. அப்போ ஸ்மித்தான் பெரியவர்னு முடிச்சிடலாமா? அவர் 226 ஆட்டம் ஆடினார், சராசரி 81 யார்டு. பிரவுனின் சராசரி 104.3. வாழ்நாள் சராசரி 100-ஐத் தாண்டிய ஒரே ரன்னிங் பேக் இன்றுவரை அவர்தான்.

சீசனின் நீளமே மாறிக்கொண்டிருந்ததை நினைவில் வைக்க வேண்டும். 1960 வரை என்எஃப்எல் சீசனில் 12 ஆட்டம். 1961 முதல் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. 1973-ல் ஓ.ஜே. சிம்ப்சன் 14 ஆட்டத்தில் 2,003 யார்டு ஓடினார். 1984-ல் எரிக் டிக்கர்சன் 16 ஆட்டத்தில் 2,105. சாதனைப் புத்தகத்தில் இருப்பது டிக்கர்சன். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சிம்ப்சன் 143, டிக்கர்சன் 132. 2024-ல் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு வரை வந்துவிட்டு, 17-வது ஆட்டத்தில் ஓய்வெடுத்துக்கொண்டார். 17 ஆட்டம் இருக்கும் காலத்தில் அந்தச் சாதனை முறிந்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது.

பிரவுன் எப்படி ஓய்வு பெற்றார் என்பது தனிக்கதை. 1966-ல் இங்கிலாந்தில் 'தி டர்ட்டி டஜன்' படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. பயிற்சி முகாமுக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்று அணி உரிமையாளர் ஆர்ட் மோடல் எச்சரித்தார். அப்படியா, நான் வரவே இல்லை என்று முடித்துக்கொண்டார் பிரவுன். வயது 30. உச்சத்தில் இருக்கும்போதே போய்விட்டதால் அவருடைய சரிவை யாரும் பார்க்கவில்லை, சராசரியும் குறையவில்லை. இது அவருக்குச் சாதகமா, அல்லது இன்னும் 5 ஆண்டு ஆடாததற்காக மதிப்பெண் குறைக்க வேண்டுமா? 20 ஆண்டு உழைத்தவரையும் 9 ஆண்டு மின்னியவரையும் ஒப்பிடும்போதெல்லாம் வரும் கேள்வி இது.

களத்துக்கு வெளியே பிரவுன் மீது பெண்கள் மீதான வன்முறைப் புகார்கள் இருந்தன. சிம்ப்சனின் வழக்குகள் உலகமே பார்த்தவை. ஒஹாயோவின் கான்டன் நகரில் இருக்கும் ஃபுட்பால் புகழ் மண்டபம், தேர்வாளர்கள் களத்தில் நடந்ததை மட்டுமே பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதனால் இருவரின் சிலையும் அங்கே இருக்கின்றன.

ஜெர்ரி ரைஸுக்கு ஏன் முதலிடம் கொடுத்தார்கள்?

கொத்தனாரின் மகன். மிசிசிப்பியில், கோடைக்காலத்தில் அப்பாவுடன் கட்டட வேலைக்குப் போய், அண்ணன் தம்பிகள் தூக்கிப்போடும் செங்கலைப் பிடித்துப் பிடித்துக் கை உரமேறியது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய கல்லூரி கிடையாது. 1985-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் எடுத்தது. 2004 வரை 20 சீசன்.

அவருடைய மொத்தம் 22,895 யார்டு. இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492. இடைவெளி 5,403 யார்டு. ஒரு நல்ல ரிசீவர் சீசனுக்கு 1,000 யார்டு எடுத்தாலே கொண்டாடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், ஃபிட்ஸ்ஜெரால்டு ஓய்வு பெற்ற பிறகும் இன்னும் 5 நல்ல சீசன் ஆட வேண்டியிருந்திருக்கும்.

1987-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் நடந்ததால் ரைஸ் 12 ஆட்டம்தான் ஆடினார். அதில் 22 டச் டவுன் கேட்ச். 2007-ல் ராண்டி மாஸ் 23 எடுத்து அதை முறியடித்தார். அவருக்கு 16 ஆட்டம் தேவைப்பட்டது.

ரைஸுக்குப் பந்து எறிந்தவர்கள் ஜோ மான்டேனாவும் ஸ்டீவ் யங்கும். இருவருமே புகழ் மண்டபத்துக்காரர்கள். மான்டேனா 4 சூப்பர் பவுலில் ஆடி நான்கையும் ஜெயித்தவர், அந்த நான்கிலும் சேர்த்து எதிரணி கையில் ஒரு பந்துகூடக் கொடுக்காதவர். இப்படி ஒருவர் எறிந்தால் யார்தான் பிடிக்க மாட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டத்துக்குச் சராசரி என்று பார்த்தால் கால்வின் ஜான்சன் போன்றவர்கள் ரைஸை முந்துகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஜான்சன் 9 சீசனில் நின்றுவிட்டார். ரைஸ் 40 வயதைத் தொட்ட 2002 சீசனில், ஓக்லாண்ட் ரைடர்ஸ் அணிக்காக 1,211 யார்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

காலம் கடந்த ஒப்பீட்டில் ரைஸின் வாதமே மற்ற எல்லோருடையதையும்விட உறுதியாக நிற்கிறது. அவருக்குப் பிறகு ஆட்டம் மேலும் பாஸ் பக்கம் சாய்ந்தது, சீசன் 17 ஆட்டமாக நீண்டது, ரிசீவருக்குப் பாதுகாப்பு கூடியது. குவாட்டர்பேக்குகளின் பழைய சாதனைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. காற்று முழுக்க ரிசீவருக்குச் சாதகமாக வீசியும் ரைஸின் மொத்தத்தை ஒருவரும் நெருங்கவில்லை.

தடுப்பு வீரர்களுக்குக் கணக்கே இல்லையா?

குவாட்டர்பேக் பந்தை எறியும் முன்பே அவரைக் கீழே சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். லாரன்ஸ் டெய்லரின் அதிகாரப்பூர்வ சாக் எண்ணிக்கை 132.5. ஆனால் அவர் நியூயார்க் ஜெயன்ட்ஸுக்கு வந்தது 1981-ல். என்எஃப்எல் சாக்கை எண்ணத் தொடங்கியது 1982-ல். முதல் சீசனில் எடுத்த 9.5 கணக்கிலேயே இல்லை.

1960-களில் ஆடிய டீக்கன் ஜோன்ஸின் நிலைமை இன்னும் மோசம். 'சாக்' என்ற சொல்லையே பரப்பியவர் அவர். எதிரே நிற்பவரின் தலையில் ஓங்கி அறைந்துவிட்டுத் தாண்டிப் போவது அவருடைய பாணி, 1977-ல் லீக் அதைத் தடை செய்தது. பழைய பதிவுகளைப் பார்த்து ஆய்வாளர்கள் எண்ணியதில் அவருக்கு 173.5 வருகிறது. லீக்கின் அதிகாரப்பூர்வ புத்தகத்தில்? பூஜ்யம். அதிகாரப்பூர்வ சாதனை புரூஸ் ஸ்மித்தின் 200.

டெய்லரின் பெருமையை எண்களைவிட எதிரணிகள் செய்ததை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அவர் ஒருவரைத் தடுப்பதற்காகவே வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் தன் தாக்குதல் அமைப்பை மாற்றினார். குவாட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கும் இடது டாக்கிள் வீரரின் சம்பளம் லீக் முழுவதும் எகிறியதற்கு டெய்லர் முக்கியக் காரணம். 1986-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்தத் தடுப்பு வீரருக்கும் அது கிடைக்கவில்லை. பெரும்பாலும் குவாட்டர்பேக், குவாட்டர்பேக்தான்.

யாருடன் போட்டி போட்டார்கள்?

விவாதத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான்.

ரைஸுக்கு முன்னால் ரிசீவர் என்றாலே டான் ஹட்சன். 1935 முதல் 1945 வரை கிரீன் பே பேக்கர்ஸ். 99 டச் டவுன் கேட்ச், அந்தச் சாதனை 1989 வரை நின்றது. 1942-ல் அவர் 11 ஆட்டத்தில் 74 கேட்ச் பிடித்தார். லீக்கில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் பிடித்தது 27. அந்த ஆண்டு அவர் எடுத்த யார்டு 1,211. ஆமாம், 40 வயது ரைஸ் எடுத்த அதே எண். சக வீரர்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்ற ஒரே அளவுகோலை வைத்தால், ஹட்சனை யாராலும் அசைக்க முடியாது. தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஒரே ஆட்கள் ஆடிய காலம் அது. ஹட்சன் தடுப்பிலும் ஆடினார், பந்தும் உதைத்தார். வாஷிங்டனின் சாமி பாவ் 1943-ல் பாஸ், நீள உதை, எதிரணி பாஸைப் பறிப்பது என மூன்றிலும் லீக்கில் முதலிடம்.

ஆனால் ஹட்சனின் எதிரே யார் இருந்தார்கள்? 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்-லில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. அதற்கு முன்னால் ஆடியிருக்கிறார்கள். லீக் தொடங்கிய 1920-லேயே அக்ரன் அணியின் நட்சத்திரம் ஃபிரிட்ஸ் பொல்லார்டு ஒரு கறுப்பினத்தவர், அடுத்த ஆண்டே அந்த அணியின் பயிற்சியாளரும் ஆனார். 1933-க்குப் பிறகு கதவு மூடப்பட்டது. எழுத்தில் எந்த விதியும் கிடையாது, உரிமையாளர்கள் யாரையும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஹட்சனின் 11 சீசனும் முழுக்க இந்த 12 ஆண்டுக்குள் அடங்குகின்றன. போதாக்குறைக்கு, கடைசி சில சீசன்களில் பல வீரர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போய்விட்டார்கள். ஆள் பற்றாக்குறையால் 1943-ல் பிட்ஸ்பர்க்கும் பிலடெல்பியாவும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடின.

அதே காலத்தில் வெளியே நின்றவர் கென்னி வாஷிங்டன். 1939-ல் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்காக, அதே அணியில் இருந்த ஜாக்கி ராபின்சனுடன் ஆடினார். தாக்குதலில் அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக யார்டு எடுத்தவர். பின்னாளில் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த அதே ராபின்சன்தான். கல்லூரி முடித்த வாஷிங்டனை எந்த என்எஃப்எல் அணியும் கூப்பிடவில்லை. அடுத்த 6 ஆண்டு மேற்குக் கடற்கரையின் சின்ன லீக்கில் ஓடினார். முழங்கால்கள் தேய்ந்தன, அறுவை சிகிச்சைகள் நடந்தன.

1946-ல் ராம்ஸ் அணி கிளீவ்லேண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. அவர்கள் ஆட விரும்பிய கோலிசியம் மைதானம் மக்கள் வரிப்பணத்தில் கட்டப்பட்டது. கறுப்பின வீரர்களைச் சேர்க்காத அணிக்கு அதை எப்படித் தருவது என்று உள்ளூர் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். ராம்ஸ் வழிக்கு வந்தது. வாஷிங்டனும், அவருடைய கல்லூரித் தோழர் வுடி ஸ்ட்ரோடும் ஒப்பந்தம் செய்யப்பட்டார்கள். அப்போது வாஷிங்டனுக்கு வயது 27, இரண்டு முழங்காலும் ஏற்கெனவே பாழ். 3 சீசன்தான் ஆட முடிந்தது. அந்தக் காலோடு 1947-ல் ஒரே ஓட்டத்தில் 92 யார்டு ஓடி டச் டவுன் எடுத்தார். ராம்ஸ் அணியின் மிக நீளமான ஓட்டம் இன்றும் அதுதான்.

அவர் 21 வயதில் என்எஃப்எல்-லுக்கு வந்திருந்தால்? அதற்குப் பதில் சொல்ல எந்தப் புள்ளிவிவரமும் கிடையாது. எந்த முதல் 100 பட்டியலிலும் இடம்பிடிக்கும் அளவுக்கு அவருக்கு ஆட்டங்களே கொடுக்கப்படவில்லை. கான்டனின் புகழ் மண்டபத்தில் அவருக்குச் சிலையும் கிடையாது.

வாஷிங்டன் நகர அணி மட்டும் 1962 வரை பிடிவாதமாக ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை. அவர்களுடைய புதிய மைதானம் மத்திய அரசு நிலத்தில் இருந்தது. சேர்க்காவிட்டால் மைதானம் இல்லை என்று கென்னடி அரசு சொன்ன பிறகுதான் மாறினார்கள். இரண்டு முறையும் கதவைத் திறந்தது உரிமையாளர்களின் மனசாட்சி இல்லை, மைதானத்தின் வாடகை ஒப்பந்தம்.

கதவு திறந்த பிறகும் குவாட்டர்பேக் இடம் மட்டும் மூடியே கிடந்தது. 1978-ல் வாரன் மூன் தன் கல்லூரி அணியை ரோஸ் பவுலில் ஜெயிக்க வைத்தவர். டிராஃப்ட்டில் அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை. வேறு இடத்தில் ஆடு என்றார்கள். அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்காகத் தொடர்ந்து 5 முறை அங்கத்திய கோப்பையான கிரே கப்பை வென்றார். 1984-ல்தான் என்எஃப்எல்-லுக்கு வந்தார். இங்கே 49,325 யார்டு, கனடாவில் 21,228. இரண்டையும் கூட்டினால் 70,000-ஐத் தாண்டும். ஆனால் என்எஃப்எல் சாதனைப் பட்டியலில் கனடா யார்டுக்கு இடமில்லை. 1988-ல் சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் டக் வில்லியம்ஸ். அவர் ஆடியது எந்த அணிக்கு தெரியுமா? கடைசியாகக் கதவைத் திறந்த அதே வாஷிங்டன்.

பட்டியல்கள் என்ன சொல்கின்றன?

1999-ல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகை போட்ட பட்டியலில் முதலிடம் ஜிம் பிரவுன், இரண்டாவது ரைஸ். 2010-ல் இருவரும் இடம் மாறினார்கள். 2019-ல் லீக்கின் 100-வது ஆண்டுக்காக 26 பேர் கொண்ட குழு 100 வீரர்களைத் தேர்ந்தெடுத்தது. 10 குவாட்டர்பேக், 12 ரன்னிங் பேக் என்று பதவி வாரியாகப் பிரித்தார்கள், வரிசை எண் மட்டும் போடவில்லை. சமர்த்து! 1940-களின் பாவ், கிரகாம் பெயர்கள் பிரேடி பெயருடன் ஒரே பட்டியலில் நின்றன. யாருக்கும் கோபம் வரவில்லை, கேள்விக்குப் பதிலும் வரவில்லை.

இப்போது அந்தக் கேள்வி பேட்ரிக் மஹோம்ஸ் மீது வந்து நிற்கிறது. 1995-ல் பிறந்த இந்த கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் குவாட்டர்பேக், 30 வயதைத் தொடும் முன்பே 5 சூப்பர் பவுலில் ஆடி 3 வென்றுவிட்டார். அதில் 2023 பிப்ரவரியில் நடந்த ஆட்டம்தான் இரண்டு பக்கமும் கறுப்பின குவாட்டர்பேக்குகள் தொடங்கிய முதல் சூப்பர் பவுல். தோற்ற இரண்டில் ஒன்று பிரேடியிடம், 2021-ல், 31-9 என்று. 30 வயதில் பிரேடியிடம் இருந்ததும் 3 கோப்பைதான். மீதி நான்கையும் அவர் வென்றது 37 வயதுக்குப் பிறகு.